முதிர்ந்த கொடிகளின் இயற்கை வேளாண் ஷார்டனே: சென்னையில் பத்து ஆண்டுகள் வைத்திருக்கலாமா?

திருவான்மியூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் லியோன் நகரில் வசிக்கும் என் அக்காவும் அத்தானும் இம்முறை ஊருக்கு வந்தபோது எங்களுக்காக இரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்தார்கள். பர்கண்டியின் தென்பகுதியில் மாக்கோன் நகரை ஒட்டிய பூயி-ஃபுய்சே என்னும் இடத்தில், 2020ஆம் ஆண்டு அறுவடையான ஷார்டனே திராட்சையில் செய்த ஒயின் அது. லேபிளில் 'வியேய் வீஞ்', அதாவது முதிர்ந்த கொடிகள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் இயற்கை வேளாண்மைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை முத்திரை இருக்கிறது. கொடிகள் அறுபது வயதைக் கடந்தவை என்றும், இந்த ஒயின் பத்து ஆண்டுகள் வரை முதிர்ந்து மேம்படும் என்றும் தோட்டக்காரரே அத்தானிடம் சொன்னாராம்.

வெள்ளை ஒயினை வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்திவிட வேண்டும் என்றே இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே கொடியின் வயதுக்கும் இயற்கை வேளாண்மைக்கும் ஒயின் நீடித்து நிற்பதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இவை விற்பனைக்காகச் சேர்க்கப்படும் சொற்களா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்கள் வீடு மேற்குப் பார்த்த இரண்டாம் மாடிக் குடியிருப்பு. படுக்கையறையில் மட்டும் இரவில் ஏசி ஓடும். இந்த நிலையில் பாட்டில்களை எங்கே வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

மயிலைவாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் அத்தான் தேர்ந்தெடுத்தது நல்ல இடத்து ஒயின். சொலூத்ரே, வெர்ஜிசோன் ஆகிய இரு சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் சரிவுகளில் பரவியிருக்கும் பகுதி பூயி-ஃபுய்சே. அங்குள்ள 22 நிலப்பரப்புகளுக்கு 2020 அறுவடையிலிருந்துதான் 'பிரமியே க்ரு' என்னும் உயர்நிலைத் தகுதி கிடைத்தது. ஷார்டனே என்ற பெயரிலேயே ஒரு சிற்றூரும் அதே மாக்கோன் வட்டாரத்தில் இருக்கிறது.

முதலில் கொடியின் வயதை எடுத்துக்கொள்வோம். 'முதிர்ந்த கொடி' என்று லேபிளில் எழுதுவதற்கு பிரான்சில் சட்டப்படியான குறைந்தபட்ச வயது எதுவும் இல்லை. இருபத்தைந்து வயதுக் கொடிக்கும் ஒருவர் அதை எழுதலாம், எண்பது வயதுக் கொடிக்கும் எழுதலாம். பிற இடங்களில் வரையறுக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதியினர் 2009இல் 35, 70, 100, 125 ஆண்டுகள் என்று நான்கு படிநிலைகளை வகுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 35 ஆண்டு கடந்த தோட்டங்களின் ஒயினுக்குச் சான்று முத்திரை வழங்குகிறார்கள். சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பும் 2024இல் 35 ஆண்டையே அளவாக ஏற்றது. உங்கள் பாட்டிலில் அறுபது என்ற எண்ணைத் தோட்டக்காரரே சொல்லியிருப்பதால், வெறும் 'வியேய் வீஞ்' என்ற சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வயதான கொடி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். பருத்த அடித்தண்டிலும் வேர்களிலும் அது மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். மண் இடம் கொடுத்தால் வேர்கள் ஆழமாகவும் அகலமாகவும் இறங்கியிருக்கும். ஆகையால் மழை தவறிய ஆண்டிலும் கடும் வெயில் அடித்த ஆண்டிலும் இளங்கொடியைப் போல அது திடீரென்று தவித்து நின்றுவிடுவதில்லை. 2020 அங்கே வெப்பமும் வறட்சியும் மிகுந்து, அறுவடை வெகு சீக்கிரம் தொடங்கிய ஆண்டு என்பதால் இந்தக் குணம் உங்கள் பாட்டிலுக்கு நேரடியாகப் பொருந்தும். காய்ப்பு குறைவாகவும், பல கொடிகளில் மணிகள் சிறுத்தும் இருப்பதால் சாற்றில் செறிவு கூடுகிறது. ஆயினும் விளைச்சல் குறைவதற்கு வைரஸ் நோயும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், 'குறைந்த காய்ப்பு' என்பதை மட்டுமே வைத்து மயங்க வேண்டியதில்லை.

பலரும் பேசாத இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தேர்ந்தெடுத்த ஒரே தாய்க்கொடியிலிருந்து பெருக்கிய, அச்சில் வார்த்தது போன்ற கன்றுகள் பர்கண்டியில் பரவலாக நடப்பட்டது 1970களுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் நன்றாகக் காய்த்த பல கொடிகளிலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டி நட்டார்கள். அறுபது வயதுத் தோட்டமென்றால் பெரும்பாலும் அந்தப் பழைய முறையில் நட்டதாகவே இருக்கும். ஒவ்வொரு கொடியும் சற்று வெவ்வேறு நாளில் பழுக்கும். ஒன்றில் புளிப்பு தூக்கலாகவும் மற்றொன்றில் மணம் தூக்கலாகவும் இருக்கும். அந்தக் கலவைதான் ஒயினுக்கு அடுக்கடுக்கான சுவையைத் தருகிறது என்பது என் கருத்து.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளை ஒயின் முதிர்ந்து நிற்பதற்கு அடிப்படை அதன் புளிப்பு. சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு துணை நிற்கிறது; ஷார்டனேக்கு அது மிகக் குறைவு. ஆகவே புளிப்பும், சாற்றின் செறிவும், ஈஸ்ட் வண்டலின் மேல் பல மாதங்கள் பீப்பாயில் கிடந்ததால் வந்த பாதுகாப்பும், ஒயின் கெடாமல் காக்க அளவாகச் சேர்த்த கந்தக டை ஆக்சைடும், நல்ல தக்கையும் ஒன்றுசேர்ந்தால்தான் ஆண்டுகளைத் தாண்டும். ஷார்டனே இயல்பில் மணம் குறைந்த திராட்சை; மஸ்கட் திராட்சையைப் போல இளமையிலேயே மணத்தை அள்ளி வீசாது. அதனால்தான் முதிர்ச்சியில் அதற்குப் பெறுவதற்கு நிறைய இருக்கிறது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ என்று தொடங்கும் மணம், ஆண்டுகள் செல்லச் செல்ல வறுத்த பருப்பு, தேன், வாட்டிய ரொட்டி, சில நேரம் காளான் என்று மாறிச் செல்லும். நல்ல பூயி-ஃபுய்சே அறுவடையிலிருந்து எட்டுப் பத்து ஆண்டுகள் நிற்கும் என்று தோட்டக்காரர் சொன்னது மிகையன்று. ஆனால் அவர் தம் நிலவறையின் குளிர்ச்சியை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்பம் பூர்வீகம் எழுதியது:

எங்கள் குடும்பத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. நான் வேலை நிமித்தம் வேளச்சேரியில் இருக்கிறேன். இயற்கை வேளாண்மை குறித்து மட்டும் எழுதுகிறேன்.

பச்சை இலை முத்திரை என்றால் கொடியில் எதுவுமே தெளிக்கப்படவில்லை என்று நம் ஊரில் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. செயற்கை உரம், களைக்கொல்லி, தாவரத்துக்குள் ஊடுருவும் செயற்கைப் பூஞ்சாணக்கொல்லி ஆகியவைதான் தடை. மழையும் ஈரமும் சேர்ந்தால் திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வந்தே தீரும். அதைத் தடுக்க 1885 வாக்கில் பிரான்சில் மில்லார்டே என்பவர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து உருவாக்கிய போர்டோ கலவையைத்தான் இயற்கை முறைத் தோட்டங்களும் இன்றுவரை நம்பியிருக்கின்றன. அதே கலவையை எங்கள் ஊரிலும் தெளிக்கிறோம். தாமிரம் மண்ணில் தங்கிவிடுவதால், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்று, களையை உழுதும் வெட்டியும் சமாளித்து, அறுபது வயதுக் கொடிகளைக் காப்பாற்றுகிறவர் தோட்டத்துக்குள் அடிக்கடி நடக்கிறவராகத்தான் இருக்க முடியும். அந்தக் கவனம் பழத்தில் தெரியும் என்பதே என் நம்பிக்கை. முத்திரையைவிட அந்த உழைப்புக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்தது, ஒயின் தயாரிப்பு. 2012 வரை ஐரோப்பாவில் 'இயற்கை முறையில் விளைந்த திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்று மட்டுமே எழுத முடிந்தது. அதன் பிறகு ஆலைக்குள் நடக்கும் வேலைக்கும் விதிகள் வந்தன. இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் பொதுவாக லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு அனுமதி. இயற்கை வேளாண் (ஆர்கானிக்) ஒயினுக்கு 150. அமெரிக்காவில் 'ஆர்கானிக் ஒயின்' என்ற பெயருக்குக் கந்தகமே சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே இரு நாட்டு முத்திரைகளையும் ஒன்றாக எண்ண வேண்டாம். நீண்ட நாள் வைக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. 150 என்பது நல்ல வெள்ளை ஒயினுக்குப் போதுமானதைவிட அதிகமே. ஆனால் சில தோட்டக்காரர்கள் விருப்பத்தின் பேரில் அதையும் வெகுவாகக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஒயின் குளிர்ந்த நிலவறையில் நிற்கலாம். சென்னைக்கு அது ஏற்றதன்று.

கொடியின் வயது பற்றி மயிலைவாசி எழுதியதில் ஒரு சிறு சேர்க்கை. கம்பத்தில் கொடிக்குப் பனிக்கால உறக்கம் கிடையாது. நாங்கள் கவாத்து செய்யும் நாளை வைத்துத்தான் அது மறுபடி துளிர்க்கிறது, ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். ஓய்வின்றி உழைக்கும் கொடியிலிருந்து அறுபது ஆண்டுகள் எதிர்பார்க்க முடியாது. பர்கண்டியில் குளிர்காலம் முழுவதும் கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. அங்கே முதுமை சாத்தியமாவதற்கு அந்த உறக்கமும் ஒரு காரணம். மற்றபடி, நல்ல சரிவில் நல்ல பழம் தரும் கொடியை யாரும் பிடுங்குவதில்லை. சுமாரான கொடி இருபது முப்பது ஆண்டுகளில் பிடுங்கப்பட்டுவிடும். ஆகவே முதிர்ந்த கொடிகள் சிறந்தவையாகத் தெரிவதற்கு, சிறந்தவையே முதிர விடப்பட்டன என்பதும் ஒரு பங்கு காரணம் என்று நினைக்கிறேன்.

நங்கநல்லூர் நண்பர் எழுதியது:

மேலே இருவரும் தோட்டத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் சென்னையில் இந்த ஒயினின் ஆயுளைத் தீர்மானிக்கப் போவது கொடியின் வயதன்று, உங்கள் அலமாரியின் வெப்பநிலை.

ஒயின் முதிர்வதற்கு ஏற்ற வெப்பநிலை 12 அல்லது 13 பாகை செல்சியஸ். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில்கூட வெப்பமானி 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும்; கத்திரி வெயிலில் 40ஐத் தொடும், மேற்குச் சுவர் இரவு வரை அந்தச் சூட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வெப்பம் கூடும்போது பாட்டிலுக்குள் நடக்கும் வேதிவினைகள் விரைவடைகின்றன. விரைவாக முதிர்வதும் நன்றாக முதிர்வதும் ஒன்றல்ல. சூட்டில் கிடந்த ஷார்டனே வறுத்த பருப்பின் மணத்தை எட்டுவதில்லை, அடிபட்ட ஆப்பிளின் மணத்துக்கு நேராகச் சென்றுவிடும். அத்துடன் திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும். மறுபடி குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். படுக்கையறையில் இரவு 24 பாகை, பகலில் 34 என்று தினமும் ஏறி இறங்குவது, ஒரே சீராக 20இல் இருப்பதைவிடக் கேடு.

ஆகவே, ஒயினுக்கென்றே செய்யப்பட்ட குளிர்பெட்டி இல்லாமல் பத்து ஆண்டு என்ற பேச்சே வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கம்ப்ரஸர் வைத்ததையே வாங்குங்கள். கம்ப்ரஸர் இல்லாத சிறிய வகைப் பெட்டிகள் விலை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் அவை அறை வெப்பத்திலிருந்து ஓரளவு மட்டுமே இறக்கக்கூடியவை என்பதால், ஏசி இல்லாத கூடத்தில் மே மாதத்தில் 13 பாகையை எட்ட மாட்டா. மின்தடையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அவை டிசம்பர் மாதங்கள் என்பதால், கதவைத் திறக்காமல் விட்டால் பெட்டிக்குள் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். கோடையில் சில மணி நேரத் தடையும் தாங்கும்.

சமையலறை ஃப்ரிட்ஜ் சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். நான்கு பாகையில் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், அதனால் கெடுவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் என்றால் உலர்ந்த காற்றில் தக்கை சுருங்கும். அது பொருத்தமான இடமன்று. பாட்டிலைப் படுக்க வையுங்கள். பர்கண்டி வெள்ளை ஒயின் பாட்டில்களின் வெளிறிய பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தை நன்றாகத் தடுக்காது; காகிதத்தில் சுற்றி வைப்பது நல்லது.

இன்னொன்றையும் கருத்தில் கொள்ளுங்கள். 1990களின் நடுவிலிருந்து விளைந்த பர்கண்டி வெள்ளை ஒயின்களில், மிக உயர்ந்த பெயர்களிலும்கூட, ஆறேழு ஆண்டுகளிலேயே பொன்னிறம் பழுப்பாகி ஆக்சிஜனேற்றம் அடைந்த பாட்டில்கள் ஏராளமாக வெளிப்பட்டன. தக்கையின் தரம், குறைத்த கந்தகம், மிக மென்மையாகப் பிழிவது, வண்டலை அடிக்கடி கிளறுவது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எதுவும் தனியாக முழு விளக்கமாகவில்லை. அதன் பிறகு பல தோட்டக்காரர்கள் தக்கையைப் பொடியாக்கிச் சுத்திகரித்து அழுத்திச் செய்யும் டியாம் வகைக்கு மாறினார்கள். அதில் 5, 10, 30 என்று எண் இருக்கும்; எவ்வளவு காலத்துக்கு உகந்தது என்பதை அந்த எண் குறிக்கிறது. முதல் பாட்டிலைத் திறக்கும்போது தக்கையைப் பாருங்கள். அது இரண்டாவது பாட்டிலைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லும்.

திருவான்மியூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு இரண்டையும் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்க வைத்துவிட்டேன். அண்ணா நகரில் இருக்கும் என் கணவரின் நண்பரிடம் கம்ப்ரஸர் வைத்த குளிர்பெட்டி இருக்கிறது. ஒன்றை அவரிடம் ஒப்படைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். இன்று பார்த்தபோது ஒரு பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போன்ற சிறு துகள்கள் தெரிந்தன. அது கெட்டுப்போனதன் அறிகுறியா? முதலாவதை எப்போது, எந்த உணவுடன் திறக்கலாம்? எங்கள் வீட்டில் மீன்தான் அதிகம்.

மயிலைவாசி எழுதியது:

அந்தத் துகள்கள் பொட்டாசியம் பைடார்டரேட் படிகங்கள். திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலம் குளிரில் படிகமாகிறது. ஃப்ரிட்ஜில் வைத்ததால் வெளிப்பட்டிருக்கும். உடலுக்குத் தீங்கு இல்லை, சுவைக்கும் இல்லை. பெரிய ஆலைகள் ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் முன்பே கடுங்குளிரில் வைத்து இதை நீக்கிவிடுவார்கள். சிறு தோட்டக்காரர் அதைச் செய்யாமல் விட்டிருப்பது, ஒயினை அதிகம் அலைக்கழிக்கவில்லை என்பதற்கான ஓர் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது. ஊற்றும்போது கடைசி ஓரங்குலத்தைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

முதலாவதை இப்போதே திறக்கலாம். உணவைப் பொறுத்தவரை, புளி கரைத்த மீன் குழம்பும் மிளகாய்த்தூள் தூக்கலான வறுவலும் வேண்டாம். புளி ஒயினின் புளிப்பைத் தட்டையாக்கிவிடும், காரம் பீப்பாயின் சுவையைக் கசப்பாகக் காட்டும். தேங்காய்ப்பால் சேர்த்த வஞ்சிரம் மொய்லி, வெண்ணெயில் பூண்டும் மிளகும் சேர்த்துப் புரட்டிய இறால், அல்லது இஞ்சியுடன் ஆவியில் வேகவைத்த கொடுவா மிகவும் பொருந்தும். இந்தப் பகுதி ஒயின்களில் மேலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தல் பெரும்பாலும் நடந்திருக்கும். அதனால் வரும் பாலாடை போன்ற வழுவழுப்பு தேங்காய்ப்பாலோடு இயல்பாகச் சேர்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாமல் இருபது நிமிடம் வெளியே வையுங்கள். 11, 12 பாகையில்தான் மணம் திறக்கும். திறந்த உடனே தீக்குச்சி உரசியது போன்ற மணம் வந்தால் அஞ்ச வேண்டாம், குவளையில் சற்று நேரத்தில் விலகிவிடும்.

ஒயின் பிடித்துவிட்டால் அடுத்த முறை உறவினர்களிடம் இன்னும் சில பெயர்களைச் சொல்லலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில் கல்லன் தோட்டத்தின் 'கெவின் ஜான்' ஷார்டனே உயிராற்றல் (பயோடைனமிக்) என்னும் ஒருவகை இயற்கை வேளாண் முறையில் விளைவது, நன்றாக முதிரக்கூடியது. அமெரிக்காவின் ஒரேகானில் ஐரி தோட்டத்தின் மூத்த ஷார்டனே கொடிகள் 1960களில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நடப்பட்டவை. சென்னைக் கடைகளில் இத்தகையவை அரிது. இறக்குமதித் தீர்வையும் விலையை வெகுவாக ஏற்றிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பயணியும் சுங்கவரியின்றி இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால், ஆளுக்கு இரண்டு பாட்டில் கணக்கு.

நங்கநல்லூர் நண்பர் எழுதியது:

அண்ணா நகருக்கு எடுத்துச் செல்வதானால் விடியற்காலையில், குளிர்காப்புப் பையில் கொண்டு செல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரம் கிடந்தால்கூட இத்தனை ஏற்பாடும் வீணாகும். ஒப்படைக்கும் முன்பு, பாட்டிலை நிமிர்த்தி வைத்து, தக்கைக்கும் ஒயினுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அளவுகோலுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே படத்துடன் ஒப்பிட்டு, மட்டம் இறங்கியிருந்தாலோ நிறம் வெளிறிய பொன்னிலிருந்து சட்டென்று அடர்ந்திருந்தாலோ காத்திராமல் திறந்துவிடுங்கள். இரண்டும் மாறாமல் இருந்தால் 2028 முதல் 2030 வரை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பம் பூர்வீகம் எழுதியது:

முதல் பாட்டிலைத் திறந்ததும் தக்கையில் என்ன எண் இருந்தது, நிறமும் மணமும் எப்படி இருந்தன என்று இங்கே எழுதுங்கள். முடிந்தால் அந்தத் தோட்டக்காரர் பாட்டிலில் அடைக்கும்போது எவ்வளவு கந்தகம் சேர்த்தார் என்று உங்கள் அத்தானைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஓர் எண் தெரிந்தால் 2030 என்பதைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்லிவிடலாம்.